பாசிக் குடுவையிலிருந்து பச்சைப் பட்டை வரை

1932-இல் ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்ற பச்சைப்பாசியின் மேல் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான வெளிச்ச வெட்டுகளைப் பாய்ச்சி, வெட்டுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். கணக்குப் போட்டதில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்குச் சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் என்று வந்தது. ஒரு வேலைக்கு இத்தனை பேரா என்று தோன்றும். உண்மையில் மிகச் சிலர்தான் வேதிவேலை பார்க்கிறார்கள். மற்றவர்கள் வெளிச்சத்தைப் பிடித்துக் கைமாற்றிவிடுகிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தின் பெரும்பங்கு எல்எச்சி-2 என்ற ஒளி அறுவடைப் புரதத்துக்குள் செருகி நிற்கிறது. ஒரு புரத இழைக்குள் பச்சையம்-ஏ 8, பச்சையம்-பி 6, கரோட்டினாய்டு 4. இப்படி மூன்று இழைகள் சேர்ந்தது ஒரு ட்ரைமர். 2004-இல் பாலக் கீரையின் எல்எச்சி-2 அமைப்பை 2.72 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு, இந்த எண்ணிக்கையில் சண்டை ஓய்ந்துவிட்டது. பாசியிலும் அடிப்படைக் கட்டுமானம் இதேதான்.

அந்த ட்ரைமரை, நிறமிகள் கொட்டிப்போகாமல், பாசியிலிருந்து வெளியே எடுப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வாய்மொழியாகப் பலமுறை சொன்னதுதான். முதல் நாளே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஏ/பி விகிதம். முழுப் பாசிச் செல்லில் பச்சையம்-ஏ, பச்சையம்-பி விகிதம் பெரும்பாலும் 2.2-க்கும் 2.5-க்கும் நடுவில் இருக்கும். சுத்தமான ட்ரைமரில் 8-ஐ 6-ஆல் வகுத்தால் வருவது, 1.33. நாம் செய்யப் போகிற வேலை முழுவதும் அந்த முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்குப் போவதுதான்.

எந்தப் பாசி

கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டி. வேறு யோசனையே வேண்டாம். சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவு, இரண்டு கசையிழை, கிண்ணம் போன்ற ஒரே ஒரு பசுங்கணிகம். இன்று உலக ஆய்வகங்களில் ஓடுகிற முக்கிய இனங்கள் 1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் ஊருக்கு அருகே ஒரு உருளைக்கிழங்கு வயல் மண்ணிலிருந்து எடுத்த பாசியின் வாரிசுகள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள கிளாமிடோமோனாஸ் வள மையத்தில் கேட்டு வாங்கலாம். சிசி-125, சிசி-124 இரண்டும் காட்டு இனங்கள். செல்சுவர் குறைபாடுள்ள சிடபிள்யூ-15 வகையும் உண்டு. உடைப்பது எளிது என்பதால் முதல்முறை செய்கிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. சிசி-124, சிசி-125 இரண்டுக்கும் நைட்ரேட்டை உண்ணத் தெரியாது. அதற்கான மரபணுக்கள் பழுதானவை. நைட்ரேட் கலந்த பொதுவான பாசி ஊடகத்தில் போட்டுவிட்டு "வளரவே மாட்டேன் என்கிறது" என்று வந்து நிற்பவர்கள் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. அம்மோனியம் உள்ள டிஏபி ஊடகத்தில் போடுங்கள்.

வளர்ப்பு

டிஏபி என்றால் டிரிஸ், அசிட்டேட், பாஸ்பேட். அமில-கார அளவு 7.0. அசிட்டேட் இருப்பதால் குடுவையைத் திறந்தால் லேசான வினிகர் வாடை வரும், அது சரி. புளித்துப்போன வாடையும் பால் கலந்தது போன்ற கலங்கலும் வந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. அசிட்டேட் அவற்றுக்கும் விருந்து. யோசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

25 டிகிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்று ஆட்டம், 50 மைக்ரோமோல் ஒளியளவு போதும். ஒளியளவை மட்டும் சோதனைக்குச் சோதனை மாற்றாதீர்கள். குறைந்த வெளிச்சத்தில் பாசி அறுவடைப் புரதத்தைக் கூட்டிக்கொள்ளும். அதிக வெளிச்சத்தில் குறைத்துக்கொண்டு, எல்எச்சிஎஸ்ஆர்-3 என்ற வேறொரு புரதத்தைத் தயாரித்து, மிஞ்சிய ஆற்றலை வெப்பமாகக் கொட்டும். ஜன்னலோரம் வைத்த குடுவையும் அலமாரிக்குள் வைத்த குடுவையும் ஒரே இனமாக இருந்தாலும் ஒரே பொருளைத் தராது.

மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 லட்சம் செல் இருக்கும்போது அறுவடை செய்யுங்கள். அதைத் தாண்ட விட்டால் நைட்ரஜன் தீர்ந்து, பச்சையம் குறைந்து, நிறம் மஞ்சள் பக்கம் சாயத் தொடங்கும். செல் நலமாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று: ஆட்டத்தை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் மிதமான வெளிச்சம் படும்படி குடுவையைச் சிறிது நேரம் வையுங்கள். நீந்துகிற செல்கள் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு பக்கமாக ஒதுங்கும். சோர்ந்தவை அடியில் படியும். எண்ணுகிற கருவியைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. சிடபிள்யூ இனங்களில் நீச்சல் மந்தமாக இருக்கலாம், அவற்றுக்கு மைக்ராஸ்கோப்தான்.

ஒரு லிட்டர் வளர்ப்பில் சில மில்லிகிராம் பச்சையம் கிடைக்கும். ஒரு சோதனைக்கு அது தாராளம்.

அறுவடையும் உடைப்பும்

இங்கிருந்து எல்லாமே ஐஸில். அறை விளக்கை அணைத்துவிட்டு மங்கலான பச்சை விளக்கில் வேலை செய்வது நல்லது. பச்சை ஒளியைப் பச்சையம் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் சேதமும் குறைவு.

செல்களை மென்மையாகச் சுழற்றிப் படிய வைத்து, உடைக்கும் கரைசலில் கலக்குங்கள்: ஹெப்பீஸ் 20 மில்லிமோலார், அமில-கார அளவு 7.5, சுக்ரோஸ் 0.3 மோலார், மக்னீசியம் குளோரைடு 5 மில்லிமோலார். புரதத்தைத் தின்னும் நொதிகளைத் தடுக்க பென்சமிடின், பிஎம்எஸ்எஃப். இதில் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் தாக்குப்பிடிக்காது; இந்தக் கார அளவில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி செத்துவிடும். காலையில் கலந்து வைத்ததை மாலையில் ஊற்றினால் வெறும் தண்ணீர் ஊற்றியது மாதிரிதான். உடைப்பதற்குச் சற்று முன் சேருங்கள், கையுறை போட்டுக்கொண்டு, அது நச்சு.

படிந்த செல்களை இருட்டில், ஐஸ் இல்லாமல், மேசையில் விட்டுவிட்டு நகராதீர்கள். நான் ஒருமுறை விட்டேன். தேநீர் குடித்துவிட்டு வர முக்கால் மணி நேரம். நெருக்கிப் படிந்த பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டது. எலக்ட்ரான் கடத்தும் பிளாஸ்டோகுவினோன் தொட்டி நிரம்பிவிட்டது. எஸ்டிடி-7 என்ற கைனேஸ் விழித்துக்கொண்டு அறுவடைப் புரதங்களுக்குப் பாஸ்பேட் ஒட்டிவிட்டது. வெளிச்சத்தை வாங்கி வேதிவேலை பார்க்கிற புரதக் கூட்டங்கள் இரண்டு: ஒளித்தொகுதி-1, ஒளித்தொகுதி-2. பாஸ்பேட் ஒட்டிய எல்எச்சி-2-இல் ஒரு பகுதி ஒளித்தொகுதி-2-ஐ விட்டு ஒளித்தொகுதி-1 பக்கம் போய்விடும். இதற்கு நிலைமாற்றம் என்று பெயர். 1969-இல் மியூரட்டா ஒரு செம்பாசியிலும், போனவென்சுராவும் மையர்சும் குளோரெல்லாவிலும் இதைக் கண்டார்கள். எனக்கோ அன்று அது புதுக் கண்டுபிடிப்பு போலத் தெரிந்து, இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

உடைப்புக்கு சொனிகேட்டர் (ஒலியலையால் செல்லை உடைக்கும் கருவி) என்றால் 10 விநாடி அடி, 30 விநாடி ஓய்வு, ஐஸில். ஒவ்வொரு நான்கு அடிக்கும் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முழுச் செல் பெரும்பாலும் மறைந்ததும் நிறுத்துங்கள். கடைசிச் செல்லையும் உடைக்கிறேன் என்று அடித்தால் தைலகாய்டு சவ்வு (பசுங்கணிகத்துக்குள் இந்தப் புரதங்கள் புதைந்திருக்கும் சவ்வு) தூளாகிப் போய், 15,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 15,000 மடங்கு விசையில்) சுழற்றினாலும் அடியில் படியாது; மேல்நீர் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சைதான் உங்கள் மகசூல், கண்ணெதிரே வடிகாலுக்குப் போகிறது.

முதலில் மெதுவான சுழற்சியில் உடையாத செல்களைக் கழித்து, மேல்நீரை வேகச் சுழற்சியில் படிய வையுங்கள். படிந்ததை ஹெப்பீஸ் 5, ஈடிடிஏ 10 மில்லிமோலார் கரைசலில் ஒருமுறை கழுவுங்கள். மக்னீசியத்தை ஈடிடிஏ பிடித்துக்கொள்வதால் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் சவ்வுகள் விலகும், பின்னால் சேர்க்கப்போகிற டிடர்ஜென்ட் உள்ளே புக வசதி. மென்மையான ஓவியத் தூரிகையால் கலக்கினால் நுரை வராது. நுரை வந்தால் புரதம் கெடும்.

பச்சையத்தை எண்ணுவது

20 மைக்ரோலிட்டர் சவ்வை 980 மைக்ரோலிட்டர் 80 சதவீத அசிட்டோனில் போட்டுக் கலக்கி, சுழற்றுங்கள். அடியில் வெள்ளைப் படிவு வர வேண்டும். பச்சையாக இருந்தால் நிறமி முழுக்க இறங்கவில்லை. அசிட்டோனில் கொஞ்சம் காரத்தன்மையுள்ள பஃபர் (அமில-கார அளவை நிலையாக வைக்கும் கரைசல்) இருக்கட்டும். அமிலம் பட்டால் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியம் கழன்று, புளி ஊற்றிய கீரை மாதிரி பழுப்பேறிவிடும்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் குவெட்டில் (அளவீட்டுக் குப்பியில்) அசிட்டோனை ஊற்றாதீர்கள். நிமிடத்தில் சுவர் வெண்மையாகும். கருவியோ மும்முரமாக ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி அல்லது குவார்ட்ஸ் மட்டும். அசிட்டோன் பறந்துவிடுமாதலால் மூடி போட்டு வையுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

நிறமாலை அளவியில் 663.6, 646.6, 750 நானோமீட்டரில் உறிஞ்சலை அளங்கள். 750-இல் பச்சையம் உறிஞ்சாது. அங்கே வருவது கலங்கல், மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிடுங்கள். அப்புறம் போராவும் குழுவினரும் 1989-இல் கொடுத்த கணக்கு:

பச்சையம்-ஏ = (12.25 × 663.6 அளவீடு) − (2.55 × 646.6 அளவீடு)

பச்சையம்-பி = (20.31 × 646.6 அளவீடு) − (4.91 × 663.6 அளவீடு)

விடை மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராமில். பழைய நோட்டுகளில் 1949-ஆம் ஆண்டின் ஆர்னன் கணக்கு இருக்கும். அதில் வருகிற ஏ/பி விகிதம் எப்போதும் குறைவாகவே இருக்கும். மொத்த அளவுக்குச் சமாளிக்கலாம், விகிதத்துக்கு உதவாது. நமக்கு வேண்டியதோ விகிதம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 750 கழித்த பிறகு 663.6-இல் 0.620, 646.6-இல் 0.290 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ: 7.60 − 0.74 = 6.86. பி: 5.89 − 3.04 = 2.85. விகிதம் 2.41. காட்டு இனத்தின் சவ்வுக்கு இது சரியான எண். மொத்தம் 9.7, 50 மடங்கு நீர்த்ததால் 485, அதாவது மில்லிலிட்டருக்கு 0.485 மில்லிகிராம். விகிதம் 3, 4 என்று வந்தால் முதலில் பாசியைச் சந்தேகிக்காதீர்கள். கருவியின் பிளவு அகலத்தைப் பாருங்கள், அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகலமான அலைநீளப் பட்டையை அது உள்ளே விடுகிறது என்று. 2 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சையம்-பி கணக்கு தடுமாறும்.

கரைப்பு

எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். சவ்வுக்குள் புதைந்த புரதத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவர டிடர்ஜென்ட் வேண்டும். பாத்திரம் தேய்க்கிற கணக்கில் வலுவானதைப் போட்டால் புரதம் வரும், நிறமி அதைவிட்டுக் கழன்றுவிடும். அதனால் டோடெசில் மால்டோசைடு: தலை ஒரு சர்க்கரை, வால் பன்னிரண்டு கார்பன். சாது.

சாதுதான், ஆனால் அளவு தப்பினால் அதுவும் பொல்லாதது. முக்கியமானது டிடர்ஜென்ட்டின் சதவீதம் மட்டும் அல்ல, பச்சையத்துக்கு அது எத்தனை பங்கு என்பது. பழக்கத்திலுள்ள அளவு: இறுதியில் மில்லிலிட்டருக்குப் பச்சையம் 0.5 மில்லிகிராம், டிடர்ஜென்ட் 0.6 முதல் 1 சதவீதம். 1 சதவீதம் என்றால் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், எடைக்கு எடை பச்சையத்தைப் போல் 20 மடங்கு. அளவு குறைந்தால் சவ்வுத் துண்டுகள் கரையாமல் அடியில் படியும். கூடினால் ட்ரைமர் உடைந்து ஒற்றை இழைகளாகும். இன்னும் கூடினால் நிறமி உதிரும்.

மேலே கண்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 0.485 சவ்வில் 515 மைக்ரோலிட்டர் எடுத்தால் 250 மைக்ரோகிராம் பச்சையம். சுழற்றிப் படிய வைத்து, 250 மைக்ரோலிட்டர் பஃபரில் கலக்குங்கள். இப்போது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். அதில் 250 மைக்ரோலிட்டர் 2 சதவீத டிடர்ஜென்ட். சேர்க்கும்போது சொட்டுச் சொட்டாக விட்டு உடனே கலக்க வேண்டும்; மொத்தமாக ஊற்றினால் முதலில் படுகிற சவ்வுக்கு அளவு மீறிவிடும், கடைசிச் சவ்வுக்கு எதுவும் மிஞ்சாது.

இந்த இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். சவ்வுக் கலவை பால் கலந்த பச்சையாக, குழாய்க்குப் பின்னால் பிடித்த விரல் தெரியாமல் இருக்கும். டிடர்ஜென்ட் பட்டதும் சில விநாடியில் தெளிந்து, கண்ணாடிப் பச்சையாகும், விரல் தெரியும். தெளியாவிட்டால் போதவில்லை. ஐஸில் 10 நிமிடம் வைத்துவிட்டு, 14,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றுங்கள். அடியில் வெளிறிய சின்னப் படிவு வரும், பெரும்பாலும் மாவுச்சத்தும் கரையாத மிச்சமும்.

முதல்முறை என்றால் ஒரே அளவை நம்பாதீர்கள். 0.4, 0.6, 0.8, 1.0 என்று நான்கு குழாய் வைத்துப் பாருங்கள். கைச்செலவு கூடத்தான் செய்யும், ஆனால் உங்கள் பாசிக்கும் உங்கள் டிடர்ஜென்ட் புட்டிக்கும் பொருந்துகிற அளவு வேறெந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

பிரிப்பு

சுக்ரோஸ் அடர்த்திச் சரிவு தயாரிக்க ஒரு சோம்பேறி வழி உண்டு, நேர்த்தியானதும்கூட. 0.65 மோலார் சுக்ரோஸை பஃபரும் 0.03 சதவீத டிடர்ஜென்ட்டும் கலந்து குழாயில் நிரப்பி உறைய வையுங்கள். பிறகு 4 டிகிரி அறையில் அசையாமல் உருக விடுங்கள். மேலே நீர்த்தும் கீழே செறிவாகவும் தானாகவே சரிவு அமையும். சரிவிலும் டிடர்ஜென்ட் இருந்தே ஆக வேண்டும். சுமார் 0.009 சதவீதத்துக்குக் கீழே போனால் டிடர்ஜென்ட் உறை கலைந்து, அறுவடைப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், ஒளிர்வும் அணைந்துவிடும்.

கரைசலை மெதுவாக மேலே விட்டு, எதிரெதிர்க் குழாய்களைத் தராசில் வைத்துச் சமன் செய்து, அதிவேகச் சென்ட்ரிஃபியூஜின் எஸ்டபிள்யூ-41 ரோட்டரில் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) நிமிடத்துக்கு 41,000 சுற்று, 4 டிகிரி, 16-17 மணி நேரம். மாலை போட்டால் காலையில் இறக்கலாம். சமன் செய்யும்போது "கண்ணளவில் சரி" என்கிற பேச்சே வேண்டாம். அந்த வேகத்தில் ரோட்டர் மன்னிக்காது. நிறுத்தும்போது பிரேக்கைப் போடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் பட்டைகள் கலங்கும்.

காலையில் குழாயை வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். மேலே மஞ்சள் சாயலில் உதிரி நிறமி. அதற்குக் கீழே ஒற்றை இழைகளின் பச்சைப் பட்டை. அடுத்து இருப்பதிலேயே தடித்த, ஆழ்ந்த பச்சைப் பட்டை: எல்எச்சி-2 ட்ரைமர். அதற்கும் கீழே ஒளித்தொகுதி-2-இன் மையம், மெல்லியது. அடிப்பக்கம் தன் அறுவடைப் புரதங்களோடு ஒளித்தொகுதி-1. மேலே மஞ்சள்பச்சைப் பட்டை தடித்து, ட்ரைமர் மெலிந்திருந்தால் டிடர்ஜென்ட் கூடிவிட்டது என்று குழாயே சொல்லிவிடும்.

ஊசியால் பக்கவாட்டில் குத்தி எடுக்கிறவர்கள் உண்டு. நான் மேலிருந்து நீண்ட முனைப் பைப்பெட்டால் எடுக்கிறேன்; பேராசைப்பட்டு ஓரத்தை வழிக்காமல் பட்டையின் நடுப்பகுதியை மட்டும்.

அதிவேகச் சென்ட்ரிஃபியூஜ் இல்லாத இடங்களில் மென்மையான பச்சை ஜெல் ஓட்டலாம். சாயமே வேண்டாம், பட்டைகள் தாமாகவே பச்சை. 1966-இல் பச்சையம்-புரதக் கூட்டுகளை முதன்முதலாகப் பிரித்துக் காட்டியதே ஜெல்லில்தான். அளவு குறைவு, பார்க்கப் போதும்.

கிடைத்தது அதுதானா

மறுபடி ஏ/பி. ட்ரைமர் பட்டையில் 1.3-ஐ ஒட்டி வர வேண்டும். 1.6, 1.7 வந்தால் பக்கத்துப் பட்டை கலந்திருக்கிறது. ஒளித்தொகுதி-2 மையத்தில் பச்சையம்-பி கிடையாது என்பதால் அதில் ஒரு துளி சேர்ந்தாலே விகிதம் ஏறிவிடும்.

அடுத்து உறிஞ்சல் நிறமாலை, அசிட்டோன் இல்லாமல், பஃபரிலேயே. சிவப்புப் பக்கம் 675-இல் பச்சையம்-ஏ மேடு, 650-ஐ ஒட்டிப் பச்சையம்-பி மேடு. நீலப் பக்கம் 436, 472. அசிட்டோனில் 663-இல் நின்ற பச்சையம்-ஏ புரதத்துக்குள் 675-க்கு நகர்ந்திருக்கிறது பாருங்கள். அந்தப் 12 நானோமீட்டர்தான் பச்சையம் இன்னும் தன் இருக்கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மேடு 670-க்கு இறங்கியிருந்தால் எழுந்து போகத் தொடங்கிவிட்டது.

கடைசிச் சோதனை எனக்குப் பிடித்தது. ஒளிர்வு அளவியில் 475-இல் தூண்டுங்கள். அந்த ஒளியைப் பெரும்பாலும் பச்சையம்-பி பிடிக்கும். புரதம் நலமாக இருந்தால் பச்சையம்-பி ஒரு பிக்கோவிநாடியை ஒட்டிய நேரத்தில் ஆற்றலைப் பச்சையம்-ஏ-வுக்குக் கொடுத்துவிடும். தான் ஒளிர நேரமே இருக்காது. 680-ஐ ஒட்டி ஒரே ஒரு மேடுதான் தெரியும். 655 பக்கம் ஒரு தோள்பட்டை எட்டிப் பார்த்தால், யாருக்கும் கொடுக்க வழியில்லாத உதிரிப் பச்சையம்-பி அங்கே நிற்கிறது. அப்புறம் 440-இலும் 500-இலும் தூண்டிப் பாருங்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் தயாரிப்பு நல்லது. மாதிரியை நன்றாக நீர்த்து அளங்கள். அடர்த்தியாக இருந்தால் தான் விட்ட ஒளியைத் தானே விழுங்கி, மேடு வலப்பக்கம் நகர்ந்தது போலக் காட்டும்.

திரவ நைட்ரஜன் இருந்தால் முழுச் செல்லையும் 77 கெல்வினில் ஒருமுறை அளந்து வையுங்கள். 685, 695-இல் ஒளித்தொகுதி-2 பக்கம், 710 முதல் 715 வரை ஒளித்தொகுதி-1. கீரையில் அந்தக் கடைசி மேடு 735-இல் வரும், பாசியில் அங்கே தேடி ஏமாறாதீர்கள். நான் தேநீர் குடிக்கப் போன அன்று ஏறியிருந்ததும் இந்த 715 மேடுதான்.

மிஞ்சிய ட்ரைமரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்து, மைனஸ் 80-இல் வையுங்கள். கரைசலில் ஏற்கெனவே சுக்ரோஸ் இருப்பதால் தனியாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்க வேண்டும். மூடியில் தேதி, பாசி இனம், வளர்த்த ஒளியளவு, டிடர்ஜென்ட் சதவீதம், ஏ/பி விகிதம் ஐந்தையும் அழியாத மையால் எழுதுங்கள். அசிட்டோன் பட்டால் அந்த மையும் அழியும், அதனால் நோட்டிலும்.